தந்திக் கம்பி வளையல்

எனக்குத் தங்க வளையல் செய்து போட அப்பாவுக்கு வசதி இருந்தது, மனசுதான் இல்லை. ஆகவே எட்டு வயதில் நானே ஒரு வளையல் செய்துகொண்டேன். அந்தக் கதையை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா மணியக்காரர், ஊருக்குள் சர்க்காரின் கையும் காலும் அவர்தான். அதே வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, சேலத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்து கதர் கட்டிக்கொண்டு சுயராஜ்யம் பேசிக்கொண்டிருந்தார். பொம்மிடி ரயில் பாதையோரம் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள். பயங்கரவாதிகளின் வேலை என்று நோட்டீஸ் வந்தது. அதை ஊரில் ஒட்டவைத்தவர் அப்பா. எனக்கு அந்த வார்த்தை புதிது. பயங்கரவாதி என்றால் கோரைப்பல் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கம்பிச் சுருளை எங்கள் கேழ்வரகுக் குதிருக்குள் மாமா புதைத்ததை நான் பார்த்துவிட்டேன். அவருக்குக் கோரைப்பல் இல்லை. தீராத சளிதான் இருந்தது.

"ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்றார். சொல்லவில்லை. ஒரு சாண் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மடக்கி மடக்கி ஒடித்து, உலக்கையில் சுற்றி வளைத்து, புளி போட்டுத் தேய்த்தேன். செம்பு தகதகவென்று மின்னியது. அம்மா பார்க்காத நேரமெல்லாம் அது என் கையில்தான் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மணியக்காரர் வீட்டில்தானே உட்கார வேண்டும்? மோர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். வளையலைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் பார்க்கட்டுமே என்று பாவாடை மடிப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அவர் மோரை வாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வளையல் ஏது பாப்பா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

குதிர் பக்கம் நின்ற மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் சித்தேரி மலைக்காரர் ஒருவர் கடுக்காய் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை இறங்கி வந்து, கடுக்காயும் தேனும் கொடுத்துவிட்டு உப்பும் கருவாடும் வாங்கிப்போகிறவர். நான் மறு கையை அவர் பக்கம் நீட்டினேன்.

"அவருதானுங்க குடுத்தாரு."

மாமாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. குதிரில் கைவைத்தது தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்பது மீதி.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தது போலச் சிரிக்கப் பார்த்தார். தந்திக் கம்பி ஏதடா என்று இன்ஸ்பெக்டர் அதட்டியபோது, "தந்திக் கம்பின்னா என்னங்க சாமி?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. நக்கல் செய்கிறான் என்று காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. மூட்டை கட்டிய கயிற்றாலேயே கைகளைக் கட்டினார்கள். மாமா வாயைத் திறந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் அம்மா எனக்கு மட்டும் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். நானும் தின்றேன்.

பயங்கரவாதி என்று சொல்ல அந்த மலைக்காரர் முகம் ஒத்துவரவில்லை போலும். சர்க்கார் சொத்தைத் திருடியவர் என்று எழுதி ஆறு மாதம் ஜெயிலில் போட்டார்கள். திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. எங்கள் தெருவில் அவர் தலை தெரிந்தால் பெண்கள் பித்தளைச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்தார்கள். பிறகு அவர் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

மாமா அடுத்த வருஷம் வேறொரு மறியலில் ஜெயிலுக்குப் போனார். சுதந்திரம் வந்த அன்று ஊரில் மேடை போட்டார்கள். மாமாவுக்கு மாலை போட்டவர் அப்பா. "எங்களப் பயங்கரவாதின்னாங்க! இன்னிக்கி நீங்க தியாகிங்கறீங்க!" என்று மாமா முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தந்திக் கம்பியை அறுத்த கதையை அவர் வாயாலேயே அன்றுதான் ஊர் கேட்டது. அதே வாய் அந்த மலைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மேடையிலிருந்து இறங்கியவரிடம் கேட்டேன்:

"மாமா, அப்ப அந்த மலைக்காரரும் தியாகிதானுங்களே?"

மாமா சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அவன் என்ன கண்ணு செஞ்சான்? ஒண்ணுமே செய்யலையே!"

சரியான பதில் என்றுதான் எனக்கும் பட்டது. மாலையைச் சுமந்துகொண்டு பெருமையாக அவர் பின்னால் வீட்டுக்கு நடந்தேன். அந்த மலைக்காரர் ஒன்றுமே செய்யவில்லை என்பது ஊரில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பதோ, மேடையில் ஏறிச் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான் என்பதோ அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.