அக்காவாக நடித்த மதியம்

தொண்ணூறுகளின் கடைசியில், மாணவர்களுக்கு நல்லுறவுப் பயிற்சி அளிக்கும்படி எங்கள் புனே கல்லூரி முதல்வர் என்னிடம் சொன்னார். நான் புள்ளியியல் ஆசிரியன், எனக்கு என்ன தகுதி என்றேன். முப்பத்திரண்டு வருடமாக ஒரே மனைவியோடு இருக்கிறீர்களே என்றார். அது என் மனைவியின் தகுதி.

வகுப்பில் நாற்பத்தொரு பேர். வேண்டாம் என்று சொல்லப் பழக்குவது மூன்றாவது பாடம். ஒருவர் மறுக்க வேண்டும், எதிராளியாக இன்னொருவர் நடிக்க வேண்டும். தேஹு ரோட்டிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். அத்தை மகனுக்கு அவளைக் கொடுப்பதாகக் காதுகுத்தின்போதே பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு விருப்பமில்லை; அப்பாவிடம் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவானேன்.

அவள் பதினோரு முறை "ஆனா, அப்பா" என்றாள். பதினோரு காரணங்களையும் நான் முறியடித்தேன். பாஷை புரியாத நாற்பது பேரும் எனக்குக் கைதட்டினார்கள்.

"சார், மத்லப், அதாவது, நான் என்னதான் சொல்ல?" என்றாள்.

"வேண்டாம் என்று மட்டும் சொல். காரணம் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வார்கள்."

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அப்பாவே வந்து நின்றார். ராணுவக் கிடங்கில் வேலை, நல்ல உயரம். கூட மகள்.

"என்னத்த சார் சொல்லிக் குடுத்தீய? ஒரு மணி நேரம் கத்துதேன். 'வேண்டாம்ப்பா'ங்கா, அப்புறம் சும்மா இருக்கா. மனுசன் எவ்வளவு நேரம் தனியாக் கத்துவான்?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சரி, விட்டுட்டேன். இப்ப எங்க அக்காட்ட நான்லா சொல்லணும்? எனக்கும் சொல்லிக் குடுங்க."

காலி வகுப்பில் அவருடைய அக்காவானேன். "உன்னைத் தூக்கி வளத்தவ கேக்கேன்" என்று ஆரம்பித்தேன்.

"சரிக்கா" என்றார் உடனே.

"தோற்றுவிட்டீர்கள். மறுபடியும்."

இரண்டாவது முறை ஜாதகத்தைக் காரணம் சொன்னார். பரிகாரம் செய்யலாம் என்றேன். மூன்றாவது முறை அழுதார். மகள் கைக்குட்டை கொடுத்து, "அப்பா, ரீசன் சொல்லாதீங்க" என்றாள். ஐந்தாவது முறை, "வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சூடு ஆறுவதற்குள் வாசலில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு அழைத்துப் போனோம். கண்ணாடிக்கு வெளியே நானும் அவளும் நின்றோம். சத்தம் கேட்கவில்லை. உதடு இரண்டு முறைதான் அசைந்தது. மீதி நேரமெல்லாம் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

வியர்வையோடு வெளியே வந்தார்.

"அக்கா என்ன சொன்னார்கள்?" என்றேன்.

"நாளைக்கே ரயிலேறி நேர்ல வாராளாம்."

நேரில் வரும் அக்காவுக்கு என்னிடம் பாடம் இல்லை.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்றாள் மகள்.

"வா, வந்து சாப்பிட்டுட்டுப் போ, ஆனா கல்யாணம் வேண்டாம்னேன்."

ஒரே ஒரு 'ஆனா'. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.