கிண்ணப் பாட்டு

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. ஐந்தாம் வகுப்பில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. திண்டிவனம் பஸ் நிலையத்தில் எங்கள் தெருப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டு, "இதுதான், ஏறுங்க" என்றால் ஏறுவார்கள். மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். நான் படித்துச் சொன்னதுதான் எழுத்து. அதைச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது.

அந்த வருஷம் அப்பா வீட்டில் இல்லை. கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்குத் திண்டிவனம் போனவர், அங்கேயே ஒரு பெண்ணோடு தங்கிவிட்டார். அம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. காலையில் என்னைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, சைக்கிளில் இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வேலைக்குப் போவாள். அங்கே ஒரு ஜப்பான்காரம்மா தனியாக இருந்தார். என்னுடைய இங்கிலீஷ் மீடியம் படிப்பு அந்த வீட்டுத் தரையைத் துடைத்ததில் வந்ததுதான்.

சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். அன்று மட்டும் அந்த வீட்டில் பேச்சு நடக்கும். அந்தம்மா ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். மற்ற நாட்களில் இருவரும் 'சாப்பாடு', 'மெதுவா', 'நாளைக்கு' என்ற மூன்று வார்த்தைகளையும் கையையும் வைத்துக்கொண்டு எப்படியோ ஓட்டினார்கள். பாவம், நான் இல்லாமல் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. மறுநாள் ஒலக்கூரில், மாமா வீட்டு வாசலில், நாலு பெரியவர்களை வைத்துப் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. அப்பாவும் வருவதாக இருந்தார். அம்மாவுக்கு அவர் வேண்டும் என்றால், அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். வேண்டாம் என்றால், அம்மா எல்லோர் முன்னாலும் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். அத்தோடு உறவு முடிந்தது. பழைய வழக்கம், மாமா விடாமல் வைத்திருந்தார்.

"தா பாரு, வோணும்னா வோணும்னு சொல்லு, வாணாம்னா வாணாம்னு சொல்லு. நடுவுல நின்னுக்கினு என்னிய பேஜாரு பண்ணாத" என்று முன்னமே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒலக்கூர்ப் பக்கமே ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் மாமா பேச்சில் இருந்தது.

எனக்கு அப்பா வேண்டும். காரணத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் ஒன்றுதான். அதைக் கோலம் போடுவதுபோல் வளைத்து வளைத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அவர் போன பிறகு என் ரேங்க் கார்டில் அம்மாவின் கட்டைவிரல்தான் விழுந்தது. முதல் ரேங்க் என்று போட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே ஊதா மையில் ஒரு ரேகை. பக்கத்தில் உட்காரும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா கைநாட்டாடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் ரேங்க் கார்டை நீட்டும்போது விரலால் அந்த இடத்தை மூடிக்கொள்வேன்.

அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, நறுக்கியபடியே அழுதாள். ஜப்பான்காரம்மா என்னைப் பார்த்தார். அப்பா போய்விட்டார், நாளைக்குப் பேச்சு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார். உள்ளே போய், கையகல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் நாட்டில் இதற்கென்றே பாட்டுகள் இருக்கின்றனவாம். ஆண் விட்டுப் போன பெண்கள் கேட்பதற்கு. அவரே ஒரு காலத்தில் கேட்டவைதானாம். வரிசை மாறாமல் கேட்க வேண்டும், மருந்துபோல.

முதல் பாட்டில் ஒருத்தி ரயில் நிலையத்தில் நின்று அழுதாள். அடுத்ததில் மழையில் நடந்துகொண்டே அவனைத் திட்டினாள். மூன்றாவதில் நீளமான கூந்தலைக் கடைக்குப் போய் வெட்டிக்கொண்டாள்.

"முடி இன்னா பண்ணுச்சி பாவம்" என்றாள் அம்மா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு கிண்ணப் பாட்டு. அவசரமே இல்லாத குரல். அந்தம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வீட்டில் அவனுடைய சாதக் கிண்ணம் இருக்கிறது. அவள் அதைக் கழுவிக் கழுவி வைக்கிறாள். ஒருநாள் காலையில் அதில் மண்ணைப் போட்டு ஒரு செடி வைக்கிறாள். அது பூக்கிறது. அவள் தன் கிண்ணத்தில் சோறு போட்டுக்கொண்டு, பூவைப் பார்த்தபடி சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு.

மற்ற பாட்டுகளில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை நானாக இட்டு நிரப்பினேன். ஆனால் இந்தப் பாட்டு முழுவதும் புரிந்தது.

"இதுல இன்னா சொல்றா?" என்று அம்மா கேட்டாள்.

"அவரு சாப்புட்ற கிண்ணத்த தெனமும் கழுவி வச்சிக்கினு காத்துக்கினு இருக்காளாம்மா. அவரு வந்துடுவாராம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தம்மாவைப் பார்த்தாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று அவர் என்னிடம் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுனு சொல்லு" என்றாள் அம்மா. அதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் ஒலக்கூரில் மாமா அம்மாவின் கையில் துரும்பைக் கொடுத்தார். அப்பா எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா துரும்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். கடைசியில் கிள்ளாமல் அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டு, "வரட்டும்ண்ணா" என்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அப்பா ஒன்றரை மாதம் எங்களோடு இருந்தார். அதற்குள் காலாண்டுத் தேர்வின் ரேங்க் கார்டு வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். நான் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு ஒரு திங்கட்கிழமை வேலைக்கென்று திண்டிவனம் போனவர் திரும்பவில்லை.

அவருடைய எவர்சில்வர் தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது, விளிம்பில் பெயர் வெட்டியது. அம்மா அதைத் தினமும் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, எட்டு வருஷம். இதற்குள் ஜப்பான்காரம்மா ஊருக்குப் போய்விட்டார். ஒலக்கூர்க்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த வருஷம் விடுதியில் ஒரு தோழி போனில் ஜப்பான் பாட்டு வைத்தாள். காதலை மறக்கப் பெண்கள் கேட்பதற்கென்று யாரோ வரிசையாகத் தொகுத்திருந்தார்கள். முழுவதும் கேட்டேன். கிண்ணப் பாட்டு அதில் இல்லை. அந்த வாரமே ஊருக்குப் போனேன். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். செடி வைத்ததை, பூத்ததை, நான் மாற்றிச் சொன்னதை.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தம்மா கையால மண்ணு அள்ளிப் போட்டுக் காட்டுனாங்களே. பூ விரியிற மாதிரிகூட காட்டுனாங்க. எதுருலதான குந்திக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா வரட்டும்னு சொன்ன?"

"எனக்கு வோணும்னா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, உரித்த மல்லாட்டையில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் வீடு திரும்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முந்திரித் தோப்பைத் தாண்டினோம். அம்மா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"பாப்பா, அவ கிண்ணத்த கழுவிக்கினே இருக்கணுமா?"

"ஆமாம்மா."

"எத்தினி நாளிக்கி?"

"அவரு வர்ற வரிக்கும்."

அம்மா கொஞ்ச தூரம் மிதித்தாள். "சரி" என்றாள்.

பாட்டைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.