நலம் இல்லாத கடிதம்

என் அலமாரியின் மேல்தட்டில் மரச்சட்டம் போட்ட ஒரு பழைய சிலேட்டு இருக்கிறது. ஒரு மூலை உடைந்தது. பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "இதுல ஒண்ணுமே இல்லையே ஆயா" என்பார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அதன் நடுவே சிவப்புச் சாக்குக்கட்டியால் போட்ட பெரிய முட்டை இன்றைக்கும் தெரிகிறது.

அது என் அக்காவின் சிலேட்டு. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். நான் மூன்றாம் வகுப்பு, அக்கா ஐந்தாம் வகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். பிள்ளைகள் சொந்தமாக ஒரு கதை, ஒரு வர்ணனை, ஒரு கடிதம் எழுதிக் காட்ட வேண்டும். சொந்தமாவது மண்ணாவது! வாத்தியார் மூன்றையும் தானே எழுதிப்போட்டு, பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நெட்டுருப் போடவைத்திருப்பார். கதை என்றால் கிணற்றில் விழுந்த நரி. வர்ணனை என்றால் பசு. கடிதம் என்றால் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு. 'அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு நலம். அம்மாவும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.' மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் கூப்பிடு தூரத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே ஊரில் அப்பா இருந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். தன் தம்பி கல்யாணத்துக்கென்று ஊருக்குக் கப்பலேறிப் போன மனுஷன் திரும்பி வரவேயில்லை.

அந்த வருஷம் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வாத்தியாருக்கு உதவியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளத் தோட்டத்துத் துரை சம்மதித்திருந்தார். ஐந்தாவதில் நன்றாக எழுதித் தேறுகிற பிள்ளைக்குத்தான் அந்த வேலை. தேறாவிட்டால், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ரப்பர் பால் வாளியோடு போய் நிற்க வேண்டியதுதான். அக்கா அந்த வேலைக்காக உயிரைக் கொடுத்துப் படித்தாள். அம்மா அப்போது குளிர்காய்ச்சல் கண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் தமிழ் படித்த மனிதர், நயமாகத்தான் பேசினார். "யாரும் யாரையும் பாக்கக் கூடாது. மனசுல உள்ளத எழுதுங்க" என்றார். வருஷா வருஷம் சொல்கிற பேச்சு அது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அக்கா நம்பிவிட்டாள், பாவி. அவள் கதையில் நரி யார் தயவும் இல்லாமல் தானே கிணற்றிலிருந்து ஏறி வந்தது. பசுவை விட்டுவிட்டு, மழை பெய்து பால் சேகரிக்க முடியாமல் போன ஒரு காலைப்பொழுதை எழுதினாள். இரண்டையும் பார்த்து இன்ஸ்பெக்டர் "பலே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா சிலேட்டைத் துடைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வேகத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நல்லபடியாக இருக்கும்போது அவள் உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உடனே வாருங்கள்.'

இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறிப்போயிற்று. வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "நலம் எங்க? எடுத்த எடுப்புல நலம் இல்லாம எழுதினா அது கடுதாசியா? இழவோலை புள்ள அது! பெரியவரு வந்திருக்கிற நாளும் அதுவுமா..." என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். "கடிதத்துக்குன்னு ஒரு முறை இருக்கும்மா. அது இல்லாம மார்க்கு போட முடியாது" என்று சொல்லிக்கொண்டே, எழுத்தின் மேலேயே அந்த முட்டையைப் போட்டார். மூன்றில் ஒன்றில் முட்டை வாங்கினாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. அச்சுப் பிசகாமல் ஒரே கடிதத்தை எழுதிய மற்ற எல்லாரும் தேறினோம். அந்தக் கொட்டகையில் ஒருவராவது, 'உங்கம்மாவுக்கு என்ன?' என்று அவளைக் கேட்டிருக்கலாம்.

அக்கா சிலேட்டைத் துடைக்கவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள். "நெசத்தத்தானே எழுதிருக்க. இதையே அப்பாவுக்குப் போட்டுடேன்" என்றாள்.

"சிலேட்டத் தபால்ல வாங்க மாட்டாங்கம்மா" என்றாள் அக்கா.

அந்த மாதம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். தோட்டத்தில் யார் வீட்டுக் கடிதமானாலும் எழுதுவது வாத்தியார்தான். அப்பாவுக்குச் சாவுச் சேதி எழுத, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். அக்கா அவற்றை அவர் கையிலிருந்து வாங்கி எழுதிக் கொடுத்தாள். அவர் வாய்விட்டுப் படித்தார். 'அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு நலம். தங்கையும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். அம்மா செத்துப்போய்விட்டாள்.'

"என்ன புள்ள இது? சாவுச் சேதிக்கு நலம்னு எழுதுவாங்களா?"

"முறைப்படிதாங்கய்யா எழுதிருக்கேன். மார்க்கு போடுங்க."

வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதைத் தபாலில் போட்டாரா, கிழித்துப் போட்டாரா, யாருக்குத் தெரியும்? அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை.

அக்கா மரம் சீவித்தான் என்னைப் படிக்க வைத்தாள். பின்னால் நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தேன். கடிதம் எழுதச் சொன்னால், 'அப்பா வேலைக்குப் போகவில்லை, கால் வீங்கியிருக்கிறது' என்று ஏதாவது ஒரு பிள்ளை தொடங்கும். நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். "எந்தக் காலு? டாக்டர்கிட்டப் போனீங்களா?" என்று கேட்பேன். மார்க்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முட்டை என்றைக்கோ அழிந்துவிட்டது, சிலேட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அத்தனை அழகாக எழுதியவள், கடைசிவரை தோட்டத்து ஆபீஸில் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலைத்தான் நீட்டுவாள். புதிதாகக் கணக்கெழுத வந்த கிராணி ஒருவர், "ஏம்மா, ஒனக்கு எழுதத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியாதுங்க. பரீட்சையில முட்டை" என்றாளாம்.