சனிக்கிழமைதோறும் பழுதான தறி

என் தங்கைக்கு வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. தாகமா, வயிற்றுவலியா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அவளுடைய ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் நான்தான் சொல்வேன். ஐந்தாம் வகுப்பிலேயே வக்கீலாகிவிட்ட பெருமை எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூர்ப் பக்கம் நாங்கள் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். முழுப்பரீட்சைக்குள் பிள்ளை ஒரு பாடமாவது வாய்விட்டுப் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோயமுத்தூரில் ஊமைப் பிள்ளைகள் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார். அன்று அம்மா சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "திமிருங்க. நாலு போட்டாத் தானாப் பேசுவா" என்றாள்.

"திமிரில்லீங்க, பயந்துக்கறா. அடிச்சா ஊட்டுல பேசற பேச்சும் போயிருமுங்க" என்றாள் அம்மா.

மறுநாளே போய்த் தங்கையின் டீச்சரைப் பார்த்தாள். "ஏனுங்க டீச்சர், சனிக்கிழம சாயந்தரம் எங்க தறிக்குடோனுக்கு வாங்க. அங்க அவ பேசுவாளுங்க. ஆனா மூஞ்சியப் பாக்காதீங்க, படின்னும் சொல்லாதீங்க." எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் அவளுக்காக நான் பேசக் கூடாதாம். என் வக்கீல் தொழில் அன்றோடு போயிற்று.

எங்களிடம் நான்கு விசைத்தறிகள். நான்கும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். டீச்சர் வந்து, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மடித்துக் கொடுத்தார். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் தங்கை புத்தகத்தை விரித்துக் கத்திப் படித்தாள். டீச்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தறிக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அவள் சரியாகத்தான் படிக்கிறாள் என்று டீச்சருக்குத் தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தறி ஓடவில்லை. "ரிப்பேரு" என்றாள் அம்மா. அப்பாவும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் இரண்டு நின்றன. அப்புறம் மூன்று. திங்கட்கிழமை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சத்தம் குறையக் குறையத் தங்கையும் குரலைத் தாழ்த்தினாள், ஆனால் நிறுத்தவில்லை. டீச்சரும் மடிப்பதை நிறுத்தவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை நான்காவது தறியும் நின்றுவிட்டது. நான்கும் பழுதானால் பிழைப்பு என்னாவது? யாரையும் கேட்காமல் ஓடிப்போய், தறி பழுது பார்க்கும் பிட்டர் மாமாவைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் சாமான் பையுடன் குடோனுக்குள் கால் வைத்தபோது தங்கையின் குரல் மட்டும் கேட்டது. கம்மிப்போன சின்னக் குரல். அம்மா உள்ளங்கையை உயர்த்தினாள். தறிக்காரர்களுக்கு அது போதும். பையைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்து மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தங்கை அவரைப் பார்த்துவிட்டாள். குரல் நின்றது. அம்மா அறுந்த நூலை முடிந்துகொண்டே இருந்தாள். டீச்சர் மடித்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றோ, பிறகு அந்தக் குரல் மறுபடி வந்தது. பாடத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள். அவ்வளவு தைரியத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. யாரும் கைதட்டவில்லை. டீச்சர், "அடுத்த வாரம் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முழுப்பரீட்சை முடிந்து தங்கை அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போனாள்.

அன்று வெளியே வந்த பிட்டர் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "தறிக்கு ஒண்ணுமில்ல அம்மணி. நாலும் நல்லாத்தான் இருக்குது" என்றார். அவர் ஒரு தறியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆளுக்குத் தொழிலே தெரியாது என்று நான் வெகு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.