தோணிக்கு வைத்த தலையணை

தேவதாசன் வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நமுனுகுல மலையடியில் நாலைந்து தேயிலைத் தோட்டத்துக்கு அவர்தான் படக்காரர். இருபத்தெட்டு வருடமாகக் கேமராவும் கையுமாக அலைகிறவர். ஆனாலும் அந்த லயத்து வரிசைவீட்டுச் சுவரில் ஒரு மாதா படம், ஒரு கடைக் காலண்டர், அவ்வளவுதான். காரணம் ஊருக்கே தெரியும். அவர் எடுப்பது சாவுப் படம்.

தோட்டத்தில் ஒருவர் கண்ணை மூடினால், பெட்டியில் கிடத்தி, சுற்றி உறவெல்லாம் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். முன்பு அது இந்தியாவிலிருக்கும் சொந்தத்துக்குத் தபாலில் போகும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிணத்தைப் போனுக்குள் வைத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு தூங்க யாருக்கு மனசு வரும்? அதனால் தேவதாசனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய், ஒரு தலையணை இருந்தால் இரண்டாக்கி, முகத்தை ஈரத்துணியால் ஒற்றி, "மூத்தவரு தலைமாட்டுக்கு வாங்க, மருமக்கமாரு அந்தப் பக்கம்" என்று நிறுத்துவார். எடுத்த படம் டிரங்குப் பெட்டியின் அடியில் போய்ச் சேரும். அதை யாரும் மாட்டுவதில்லை.

அது அவருக்குப் பழகிப்போனது. பழகாத ஒன்று போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் வந்தது.

மனைவி பவுலினாவின் தம்பி ஜெசிந்தன், பதுளை டவுனில் கல்யாணப் படம் எடுக்கிறவன், கேக்கோடு ஒரு பெரிய கண்ணாடிச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே அவன் எடுத்த படம்: மஹியங்கனைக்கு அப்பால் ஏதோ ஒரு குளக்கரை. மழை மூட்டம். சேற்றில் யாருமற்றுக் கிடக்கும் மூன்று பழைய தோணிகள். எல்ல என்ற ஊரில் ஒரு விடுதிக்காரர் இதே படத்தை வாங்கி முன்வாசலில் மாட்டியிருக்கிறாராம்.

பவுலினா தானே ஆணி அடித்தாள். கதவைத் திறந்ததும் வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்று நல்ல உயரத்தில் மாட்டினாள்.

"ஓட்டைத் தோணிதானே," என்றார் தேவதாசன்.

"ஓட்டைத் தோணிய யாரு மச்சான் பாக்குறா? அதான் எடுத்தேன். நீங்களும் ஒருநாள் போய் எடுங்களேன். தோணியும் மூச்சு விடாது, அசையாது. உங்களுக்கு லேசா இருக்கும்."

வீடு முழுக்கச் சிரிப்பு. அதில் பவுலினாவின் சிரிப்பும் இருந்தது. அதுதான் தைத்தது.

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு எதிரே சின்னப் பலகையில் குந்திச் சாப்பிடுவது அவர் வழக்கம். நிமிர்ந்தால் தோணி. குனிந்தால் ரசத்தில் தோணி. மூன்றாவது தோணியின் வால் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பதை இரண்டாம் நாள் கண்டுபிடித்தார். அன்று மட்டும் இரண்டு கவளம் கூடுதலாகப் போனது. பக்கத்து லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து வாயில் கைவைத்துப் பார்ப்பார்கள். "எந்தம்பி எடுத்தது" என்பாள் பவுலினா. கேமராக்காரர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருப்பது ஒருத்தி கண்ணிலும் படாது. பொறாமையா, எனக்கா என்று கேட்பார் அவர். நம்ப வேண்டாம்.

தை பிறந்தும் மழை விடவில்லை. ஒருநாள் விடிந்ததும் கேமராவைச் சொப்பிங் பேக்கில் சுற்றினார்.

"யாரு செத்தது?" என்றாள் பவுலினா.

"ஒனக்குத் தெரியாது. கீழ்நாட்டுல."

இரண்டு பஸ் மாறி, வழி கேட்டு, குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். அதே மூன்று தோணிகள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜெசிந்தன் நின்ற இடமாகப் பார்த்து நின்றார். எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால், தோணி கிடந்தது, மழை பெய்தது, அவ்வளவுதான். இன்னும் பத்து எடுத்தார். பத்தும் சவசவ என்றிருந்தன. அவன் தோணியில் இருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை.

தோற்றுப்போன எரிச்சலில், கை தன் பழக்கத்துக்குப் போனது. நடுத்தோணியின் முகப்பில் அப்பியிருந்த சேற்றைக் குளத்துத் தண்ணீரால் கழுவினார். சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் ஒற்றினார். இரண்டு தட்டைக் கற்களைத் தேடி எடுத்துவந்து முகப்புக்கு அடியில் செருகினார். தலை கொஞ்சம் உயர்ந்தால்தானே முகம் தெரியும்!

"என்ன செய்றீங்க, நானா?"

அண்ணன் முறை வைத்துக் கேட்டபடி பின்னால் மீன் வலையும் தோளுமாக ஒருவர். ஹுமைத் என்று பேர். அந்தக் குளத்தில் மீன் பிடிக்கிறவர். தேவதாசனுக்கு வெட்கமாகிவிட்டது.

"படம் எடுக்கத்தான்... தல கொஞ்சம் தொங்கிக் கெடந்திச்சு."

ஹுமைத் சிரிக்கவில்லை. கற்களைப் பார்த்தார், கழுவின முகப்பைப் பார்த்தார். "இது எங்கட வாப்பாட தோணி. அவர் மவுத்தாகி ஆறு வருஷம். எங்களுக்கு இப்ப பைபர் தோணி இருக்கு. இத வெறகுக்கு வெட்ட மனசில்ல." வலையைக் கீழே இறக்கிவிட்டு, "முந்தி ஒரு தம்பி வந்து படம் எடுத்தார். எங்கள ஒதுங்கச் சொன்னார். ஆளில்லாமத்தான் வேணுமாம்," என்றார்.

அந்தச் சொல் தேவதாசனுக்குத் தேனாக இறங்கியது.

"நீங்க ஒதுங்க வேணாங்க. வீட்டு ஆள்களக் கூப்புடுங்க."

ஹுமைத்தின் மனைவி ஹம்ஸியா, இரண்டு மகள்கள், அவளுடைய வயதான மாமி எல்லாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தேவதாசன் மளமளவென்று நிறுத்தினார். மூத்தவர் தலைமாட்டில். மருமகள் இந்தப் பக்கம். கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டு, இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் மெல்லச் சொன்னார்:

"யாரும் அழாதீங்க. கண்ணத் தொடச்சுக்கங்க."

"இது மழத் தண்ணி நானா!" என்றாள் ஹம்ஸியா.

எல்லாரும் குபீரென்று சிரித்தார்கள், அந்த மாமி உட்பட. அந்த நேரம் பார்த்து விரல் அழுத்தியது.

பதுளையில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை ஹுமைத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதைச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு ஜெசிந்தனும் வந்திருந்தான்.

பவுலினா பிரித்துப் பார்த்தாள். "சாவு ஊட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு இதுக்கா போனீங்க? இதுவும் சாவுப் படந்தான். தலையணகூட வச்சிருக்கீங்க." பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். "ஆனா, சிரிக்கிறாங்க!" அவள் முகத்திலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

ஜெசிந்தன் வாங்கிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தேநீர் ஆறிப்போனது.

"ஓரத்துல சின்னப் புள்ளயோட கை வெட்டுப்பட்டுருச்சே, மச்சான்," என்றான் கடைசியில்.

தோணியின் வெட்டுப்பட்ட வாலைத் தேடிக் கண்டுபிடித்த தேவதாசனுக்கு அந்தக் குரல் தெரியாதா? அன்று அவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பவுலினா ஆணி அடித்தாள். ஆனால் தம்பி படத்துக்கு ஒரு முழம் கீழே. "மூத்ததுக்கு மேல எளையது வராது. அது கிறிஸ்மஸுக்கே வந்தது," என்று முடித்துவிட்டாள்.

ஒரு முழம்! மறுநாள் அவள் கொழுந்துக்குப் போனதும், தன் படத்தை மேலே ஏற்றச் சுத்தியலை எடுத்தார். அடிப்பதற்கு முன் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம் என்று பலகையில் குந்தினார். நிமிர்ந்தார். படத்திலிருந்து ஹம்ஸியா நேருக்கு நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜெசிந்தன் படத்தைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருந்தது.

ஒடிப்பானேன்? சுத்தியலைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டார்.