கடலோரத்தில் ஒரு லயத்து வீடு

நேற்று மழை வருவதற்குள் துணி எடுத்துவிடலாம் என்று ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது என் ஆசை. முழங்கால் வலியோடு நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் விரிப்பு பாதி நனைந்திருந்தது. மம்பாவில் எங்கள் அடுக்குமாடியில் துணி காயப்போடும் இடம் எப்போதும் வீட்டுக்கு நேர் எதிர்மூலையில்தான் இருக்கும், யார் கட்டினார்களோ. விரிப்பைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது அந்த ஈர வாடை மூக்கில் ஏறியது. நல்ல வாடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் பிடிக்காது. ஆனாலும் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கடலோரத்தில் துணி ஒருநாளும் முழுசாகக் காயாது, உங்களுக்குத் தெரியுமா? வெயில் மண்டையைப் பிளக்கும். கொடியில் காலையிலிருந்து தொங்கும். ஆனாலும் மடிக்கும்போது கையில் பிசுபிசுவென்று ஒட்டும். போர்ட் டிக்சனைத் தாண்டி, முன்னால் கடலும் பின்னால் செம்பனைத் தோட்டமுமாக இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் நான் அப்படித்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்கு இல்லை. தங்குவதற்கு. நாலு மூலையிலும் ரப்பர் வைத்த விரிப்பை ஒழுங்காக மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்றைக்கும் நான் ஒரு கும்பிடு போடுவேன். எனக்கு வராது. சுருட்டி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன்.

அங்கே போவதற்குக் கொஞ்சம் முன்புதான் அம்மா போனார். அவரைப் பார்த்துக்கொள்ள செனவாங்கில் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு எதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பசித்தது, தின்றேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். சாவு வீட்டில் அழாத மகளை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதுவும் என்னைத் தொடவில்லை.

தோட்டத்து வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துக்காரர்கள் வரிசையாகக் கட்டிவிடும் லயத்து வீடு நம்முடையது மாதிரியே இருக்கும். நாம் நட்ட முருங்கை, நாம் அடித்த பச்சைப் பெயிண்டு, நாம் போட்ட கோழிக்கூண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்து வேலையில் இருக்க வேண்டும். பேர் போனால் வீடும் போகும். இதற்காகவே நன்றாகப் படித்த பிள்ளையை ரப்பர் பால்வெட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அப்பா வயதாகி வேலையிலிருந்து நின்ற பிறகு எங்கள் வீடு அம்மா பேரில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பின் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தையே வீடமைப்புக்கு விற்றாகிவிட்டது, நான் போய்ச் சேரலாம் என்றாலும் சேர வேலை இல்லை. கருமாதி முடிந்த கையோடு, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து காலி செய்யச் சொன்னார். அடுத்து காலியாகப் போவது அவருடைய வீடு. அதனால் அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

அண்ணன் ஜொகூரில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரோடு இருந்தான். கூப்பிட்டான், குரலிலேயே இடமில்லை என்று தெரிந்தது. அப்போதுதான் கம்பெனித் தோழி ஒருத்தி இந்த ஹோட்டலைப் பற்றிச் சொன்னாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊர் சுற்ற வந்த இடத்தில் காலையில் சில மணி நேரம் அறை கூட்டி, துணி துவைத்துக் கொடுப்பார்களாம். பதிலுக்குத் தங்க இடமும் சாப்பாடும். நடத்துகிறவர் ஜோசப் என்ற நம்மவர். போய் நின்றேன்.

"அப்பாவையும் கூட்டிட்டு வரலாமா அங்கிள்?"

"வேலை செய்யறவங்களுக்குத்தான்மா ரூம்" என்றார். என் முகத்தில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்து அவருக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். "சரி லா. பின்னாடி ரூம் சும்மாதானே கெடக்கு. கூட்டிட்டு வா."

பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம். அப்பா பையை இறக்கி வைக்காமலே இரண்டு பக்கமும் பார்த்தார். "லயந்தான்" என்றார். அன்று மாலை தேத்தண்ணீர் குடித்தபடி ஜோசப் அங்கிள் தன்னுடைய அப்பா ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். சொல்லியிருக்க வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து அப்பாவுக்கு அவர் கிராணி ஐயா.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அப்பா ஹோட்டல் ஆபீசுக்கு முன்னால் நின்றார். முழங்கால் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் பாராங் கத்தி. தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பேர். எல்லோரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். இங்கே வரிசையில் அப்பா மட்டும். வாயில் பல் தூரிகையும் இடுப்பில் சாரமுமாக வெளியே வந்த ஜோசப் அங்கிள் கத்தியைப் பார்த்து ஒரு எட்டு பின்னால் போனார்.

"என்னா ஐயா, யாரை வெட்டப் போறீங்க?"

"பேர் கூப்புடுங்க ஐயா."

"இங்க அதெல்லாம் கெடையாது ஐயா. மக செய்யுது, போதும். போயிப் படுங்க."

அப்பா போகவில்லை. அவர் பிடிவாதத்தை அம்மாவே ஜெயித்ததில்லை, இவர் எந்த மூலைக்கு. கடைசியில் ஜோசப் அங்கிள் வாயைக் கொப்புளித்துவிட்டு, வேலியோரப் புல்லைக் காட்டினார். அதிலிருந்து தினமும் இதே கூத்து. அப்பா நிற்பார், அவர் வருவார், ஏதாவது ஒரு வேலை சொல்வார். புல், சருகு, கடல் ஒதுக்கிய பிளாஸ்டிக். எல்லாம் தீர்ந்த ஒரு நாள், தேங்காய் மட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடுக்கச் சொன்னார்.

அப்போது அன்னா என்று ஒரு ஜெர்மன் பெண் என்னோடு துணி மடித்தாள். மதியம் வேலை முடிந்ததும் கடலில் போய் விழுவாள். அப்பாவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள ஊர்ல அதுக்கு வீடு இல்லியா?"

"இருக்குப்பா. சும்மா, பிடிச்சு வருதுங்க."

"வூடு இருந்தும் வூட்டுக்காக வேலையா?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கென்று ஒரு இளநீர் வெட்டிவைத்தார். நான் சிரித்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் சிரிப்பு வர வேண்டிய இடம் எனக்குத் தெரியும், சிரிப்புதான் வராது.

மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து நிற்கக் கால் தாங்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு நான் அறைகள் கூட்டப் போவேன். இரண்டாம் நாள் மதியம் திரும்பி வந்தால் தாழ்வாரத்தில், காய்ச்சலோடு, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பை. என் துணியையும் எடுத்து வைத்திருந்தார். அம்மாவின் படம் துண்டில் சுற்றி மேலாக இருந்தது.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"ரெண்டு நாளா பெரட்டுக்குப் போவல பாப்பா. அவுங்க வந்து சொல்றதுக்குள்ள நாமளே போயிரலாம். வாசல்ல வந்து சொன்னா நல்லா இருக்காது."

போவதற்கு எங்களுக்கு வேறு இடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. மண்டோர் வந்து நின்ற அன்று அப்பா தலையை மட்டும் ஆட்டியிருந்தார். அது அவருக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்களை அப்படிப் பார்த்த ஜோசப் அங்கிளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் முதுகை நிமிர்த்தி, தன்னுடைய அப்பாவின் குரலாக இருக்கலாம், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்.

"யாரு ஐயா உங்களக் காலி பண்ணச் சொன்னா? வீடு உங்க மக பேர்ல இருக்கு. மக வேலைக்கு வந்துருச்சு. அது பேர் இருக்கிற வரைக்கும் வீட்ல யாரும் கை வைக்க முடியாது. உள்ள போயிப் படுங்க."

உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறாதது இதில் ஏறிவிட்டது. அப்பா எழுந்து உள்ளே போனார். பையை அவரே அவிழ்த்தார். படத்தைச் சுவரில் மாட்டினார்.

என் பேரில் வீடு. அதற்குப் பிறகு செனவாங் கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கம்பெனியின் பெண்கள் விடுதியில் அப்பாவைச் சேர்க்க மாட்டார்கள். வெளியே வாடகைக்குப் பிடிக்கக் கையில் ஒன்றுமில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தியாகம் என்றெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அப்பா காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார், அது மட்டும் கண்ணில் பட்டது.

அடுத்த வருடம் ஒரு மதியம் ஜோசப் அங்கிள் எங்கள் தாழ்வாரத்துக்கு வந்தார். வழக்கம்போல அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, நெலத்துக்காரன் வித்துட்டான். எனக்கே இப்பதான் சொன்னான். நான் குத்தகைக்குத்தானே நடத்துறேன். எல்லாரும் போயாகணும்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"ஒங்களுக்கு வூடு எங்க ஐயா?"

ஜோசப் அங்கிள் ஹோட்டலைக் கையால் காட்டினார். "இதான் ஐயா."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, ஒதுங்கி இடம் விட்டார். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "உக்காரு தம்பி" என்றார். அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கூடையில் துணி இருந்தது, காயப்போடப் போனேன்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, ரஹாங்கில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்குப் பிடித்தேன். அப்பா வாசலிலேயே கேட்டார்.

"இங்க யாரு பேர்ல?"

"வாடகை குடுக்குறோம்ப்பா. வேலை செய்ய வேண்டாம்."

"குடுக்க முடியாமப் போனா?"

அந்த அறையில் அப்பா பையை அவிழ்க்கவே இல்லை. சட்டை வேண்டுமென்றால் பையிலிருந்து எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் பையிலேயே வைப்பார். அங்கேதான் கண்ணை மூடினார்.

ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது உயரமாக ஒரு கட்டடம் நிற்கிறது. கடலை ஒட்டியே நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள், எதற்கோ. ஜோசப் அங்கிள் மகனோடு ஆஸ்திரேலியா போனதாகச் சொன்னார்கள். எங்கள் தோட்டம் வரிசை வீடுகளாகிவிட்டது. வழி கேட்டால் அங்கே யாருக்கும் பழைய பேர் தெரியவில்லை.

போன மாதம் இந்த மம்பாவ் வீட்டின் கடைசித் தவணையும் முடிந்தது. இனி என்னை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. நான் வேலைக்குப் போகாமல் வாரக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தாலும் முடியாது. இதைச் சொல்லி அந்தப் பையை அவிழ்க்க வைக்கலாம் என்றால், அப்பாதான் இல்லை.