கேட்கக் கேட்கத் தள்ளிப்போன தேதி

லிஃப்ட்காரர் என்றால் நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பவர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் துடைக்கும் வேலையில் சேர்ந்தவர். துடைத்தவர் கழற்றக் கற்றார், கழற்றியவர் மாட்டக் கற்றார், மாட்டியவர் ஒருநாள் தன் பெயரிலேயே கடைப்பலகை மாட்டினார். இன்று அவருடைய ஆட்கள் பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகளில் ஒரு நாளைக்கு ஏறி இறங்கும் கூட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரு விளையாட்டு மைதானம் போதாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான், உழைத்து மேலே வந்தவனைப் பற்றிச் சொல்லாமல் வேறு யாரைப் பற்றிச் சொல்வது?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஐம்பதைத் தாண்டிய பிறகு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார் மனுஷன். லிஃப்டைக் கற்ற அதே வழிதான். அடுத்தவர் எழுதி வைத்திருந்ததைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டினார், மிச்சம் விழுந்த திருகாணி எங்கே போக வேண்டும் என்று வாரக்கணக்கில் தேடினார். கடைசியில், எந்த லிஃப்டுக்கு எப்போது சர்வீஸ் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றைச் சொந்தமாக எழுதி அலுவலகத்தில் ஓடவிட்டார். அதற்குள் ஒவ்வொரு லிஃப்டும் தனித்தனி ஆள் மாதிரி. தனக்கு எத்தனை மாடி, கடைசி சர்வீஸ் என்றைக்கு நடந்தது என்பதையெல்லாம் அதுவே வைத்திருக்கும். கேட்டால் அதுவே பதில் சொல்லும். படித்தவர்கள் இதை ஆப்ஜெக்ட் என்பார்கள். லிஃப்ட்காரர் இதை மரியாதை என்பார். லிஃப்டைப் பற்றி லிஃப்டையே கேட்பதுதானே முறை?

மகனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. கடையில் விற்கிற புரோகிராம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை அதற்குக் கையெழுத்துப் போடப்போவதாகவும், அத்தோடு அப்பா எழுதியதைத் தூக்கிவிடலாம் என்றும் சொல்லியிருந்தான். லிஃப்ட்காரருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் பார்த்து அவருடைய அக்கா போன் செய்தாள். எடுத்தது மருமகள். அலுவலகத்தில் போன் எடுப்பதும் ஆட்களை அனுப்புவதும் அவள் பொறுப்பு. அக்கா இருப்பது ஏழாம் மாடியில், மூட்டுவலிக்காரி, லிஃப்ட் இல்லாவிட்டால் கால் தரையில் படாது.

"அத்தை, ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்," என்று திரையைப் பார்த்த மருமகள் தயங்கினாள். "அடுத்த சர்வீஸ்... மூணு வருஷம் கழிச்சுன்னு காட்டுது."

போனிலிருந்து வந்த குரல் எதிர் மேஜைவரை கேட்டது. "மூணு வருஷமா? அதுவரைக்கும் நான் என்ன, கூடையில கயிறு கட்டி இறங்கட்டுமா? மூணாவது மாடி வந்தா லிஃப்டு ஜுரம் வந்த மாதிரி உதறுது. குடு அவன்கிட்ட!"

லிஃப்ட்காரர் போனை வாங்கினார்.

"அக்கா, நான்தான்."

"டேய், ஊருக்கெல்லாம் லிஃப்டு விடுறே, கூடப்பிறந்தவளை ஏழாம் மாடியிலயே பூட்டி வெச்சிடுவே போலிருக்கே! இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை பேரும் மாத்தி மாத்திப் போன் பண்ணிக் கேக்குறோம். போன வாரம் கேட்டா ஒரு தேதி, நேத்து கேட்டா ஒரு தேதி. கேக்கக் கேக்கத் தள்ளிக்கிட்டே போறே."

"உனக்கு ஞாபகம் மாறியிருக்கும்க்கா."

"எனக்கா? நீ எட்டாம் கிளாஸ்ல வாங்கின மார்க்கைச் சொல்லட்டுமா?"

சொல்ல வேண்டாம் என்றார். மூத்த மெக்கானிக்கை அந்த நிமிடமே அக்கா வீட்டுக்கு விரட்டிவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். அக்கா வீட்டு லிஃப்டின் பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தார். இப்போது மூன்று வருஷமும் ஒரு மாதமும் காட்டியது.

கண்ணாடியை இறக்கித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி திறந்தார். இன்னொரு மாதம் கூடியிருந்தது.

கோபம் வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. குழிக்குள்ளிருந்து கேட்டிராத சத்தம் ஒன்று கேட்டால் வருமே ஒரு குறுகுறுப்பு, அதுதான் வந்தது. முந்தின நாள்தான் சர்வீஸ் முடிந்த ஆஸ்பத்திரி லிஃப்டைத் திறந்தார். அடுத்த மாதம் என்றது. சரிதான். மூடித் திறந்தார். அதற்கும் அடுத்த மாதம் என்றது.

"பார்த்தியாம்மா, நாம பார்க்கப் பார்க்க இது நகருது!" என்றார், புதையல் கிடைத்தவர்போல.

மருமகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பார்த்தது வேறு ஒரு மூலையை. "மாமா, அத்தை வீட்டு லிஃப்டுல கடைசி சர்வீஸ் நடந்த தேதியைப் பாருங்க. அந்த நாளே இன்னும் வரலையே!"

வராத நாளில் நடந்து முடிந்த வேலை! லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த தேதி மட்டும் நகரவில்லை. கடைசித் தேதியும் கூடவே நகர்கிறது. அப்படியானால் நகர்த்துகிற கை எது?

தான் எழுதியதைத் திறந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். காலையில் ஆட்கள் வேலைக்குப் போக வேண்டிய லிஃப்டுகளைப் பொறுக்கித் தரும் பகுதியில் ஒரு பழுதும் இல்லை. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்க்கும், எதையும் தொடாது. போனில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கென்று மழைக்காலத்தில் புதிதாகச் சேர்த்தாரே, 'அடுத்த சர்வீஸ் எப்போது' என்ற கேள்வி, அங்கேதான் இருந்தது கோளாறு. லிஃப்ட் தன் கடைசித் தேதியை எடுக்கிறது, அதன்மேல் ஒரு மாதம் ஏற்றுகிறது, பதிலாகக் கொடுக்கிறது. ஏற்றியது கடைசித் தேதியின் மேலேயே. சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடும்போது அந்த நகர்ந்த தேதிதான் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது.

"இன்னும் ஒரு மணி நேரத்துல மணி என்ன ஆகும்னு கேட்டா," என்று மருமகளுக்கு விளக்கினார், "மனசுக்குள்ள கூட்டிச் சொல்லணும். நான் என்ன பண்ணியிருக்கேன்னா, சுவர்ல இருக்கிற கடிகாரத்தோட முள்ளையே திருப்பிவெச்சுப் பதில் சொல்லியிருக்கேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"கேக்குற ஒவ்வொரு தடவையும்."

மெக்கானிக்குக்கே வரக்கூடிய தப்பு அது. பெல்ட் தளர்ந்தால் அதே பெல்ட்டைத்தான் இறுக்குவான். பக்கத்தில் இன்னொரு பெல்ட்டை வைத்து அதை இறுக்கிப் பார்க்க மாட்டான். எழுதும்போது இரண்டு வகைத் தேதிகள் அவர் கண்ணில் பட்டிருந்தன. ஒன்று, கூட்டினால் தானே மாறிக்கொள்வது. மற்றது, கூட்டினாலும் தான் அசையாமல் நின்றுகொண்டு, புதிதாக வேறொரு தேதியைக் கையில் கொடுப்பது. இருக்கிற சாமானை விட்டுவிட்டுப் புதுசுக்குப் போவானேன் என்று முதல் வகையையே மாட்டிவிட்டார். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், சரியான தேதி வந்தது, முதுகில் தட்டிக்கொண்டார்.

அசையாத வகையை எடுத்து எல்லா லிஃப்டுக்கும் மாட்டினார். திறந்தார், மூடினார், திறந்தார். தேதி ஆணியடித்த மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை காலை மகன் வந்ததும் திரையைக் காட்டினார். பழையது எப்படி நகர்ந்தது, புதியது எப்படி நிற்கிறது என்று இரண்டையும் ஓட்டிக் காட்டினார்.

"பத்துப் பட்டம் வாங்கினவன்கூட ரெண்டு நாள்ல பிடிக்க முடியாதுடா இதை!"

"அப்பா, பிடிச்சது நீங்க, சரி. போட்டது யாரு?"

"போட்டவனுக்குத்தான் பிடிக்கத் தெரியும்."

மகன் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மத்த லிஃப்டுங்க? யார் யார் போன் பண்ணிக் கேட்டாங்களோ அதெல்லாம் தள்ளித்தானே போயிருக்கும்?"

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. போன் செய்து கேட்பவர் யார்? லிஃப்ட் உதறுகிற வீட்டுக்காரர், கதவு சிக்குகிற வீட்டுக்காரர். நன்றாக ஓடினால் யார் கேட்கப்போகிறார்கள்? எது சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டிய லிஃப்டோ அதையே இந்தப் புரோகிராம் பின்னால் தள்ளியிருக்கிறது. அக்கா வீட்டு லிஃப்டில், பெட்டியை ஆடாமல் பிடித்து ஓட்டும் வழிகாட்டிக் கட்டை தேய்ந்து போயிருந்ததாக மெக்கானிக் வந்து சொன்னது நெஞ்சில் இடித்தது.

"எல்லா ஆளுங்களையும் கூப்பிடு," என்றார். "திரையில இருக்கிற ஒரு தேதியையும் நம்ப வேண்டாம். எல்லா லிஃப்டையும் நேர்ல போய்ப் பார்க்கட்டும். உதறுதுன்னு சொன்னவங்க வீட்டுக்கு முதல்ல. நானும் போறேன்."

மகன் தலையாட்டினான். கையெழுத்துப் போட வைத்திருந்த காகிதங்களைப் பைக்குள் திரும்பத் திணித்தான்.

"உங்க புரோகிராமே இருக்கட்டும்ப்பா. ஆனா ஒண்ணு. இனிமே நீங்க எழுதுறதை இன்னொருத்தர் படிச்சுப் பார்த்துக் கேள்வி கேக்காம ஓடவிடக் கூடாது. இவ படிக்கட்டும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அலுவலகமே அதிர்ந்திருக்கும். ஒரு ஆள் பார்த்துச் சரி சொல்லி அவர் எந்த லிஃப்டை ஓட்டினார்? மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு, கேளு. உனக்கு என்ன புரியப்போகுது."

"மாசம் ஒண்ணு கூட்டுன்னு எழுதியிருக்கீங்க. ஜனவரி முப்பத்தொண்ணாம் தேதி சர்வீஸ் பண்ணின லிஃப்டு இருந்தா, அதுக்கு ஒரு மாசம் கழிச்சு என்ன தேதி வரும்?"

லிஃப்ட்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிப்ரவரியில் ஏது முப்பத்தொன்று? பிறகு, வாசல்வரை போய்விட்ட மகனிடம், "நீ முன்னால போ, நான் பின்னாலயே வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.